தந்திக்காரன் போன சீமை

காலை ஐந்தரை மணிக்கு எழுந்து பல் விளக்கிவிட்டு செல்போனைத் திறந்தால் நாற்பது செய்திகள் காத்திருக்கின்றன. ரோஜாப்பூவின் மேல் 'உன்னால் முடியும்' என்று ஒன்று. சூரியோதயத்தின் மேல் 'விழுவது தவறல்ல' என்று இன்னொன்று. அனுப்புகிறவர்கள் எல்லோரும் என் வயதுக்காரர்கள்தான். எழுபதைத் தாண்டியவர்களை இனிமேல் எதற்காக உசுப்பேற்றுகிறார்கள் என்று தெரியவில்லை. நடைப்பயிற்சிக்கு வா என்று கூப்பிட்டால் முழங்கால் வலிக்கிறது என்பார்கள்.

எல்லாவற்றையும்விட எனக்கு எரிச்சல் தருவது அந்தக் கழுகுக் கதை. உங்களுக்கும் வந்திருக்கும். நாற்பது வயதில் கழுகுக்கு அலகு வளைந்துவிடுமாம். மலையுச்சிக்குப் போய்ப் பாறையில் மோதி அலகை உடைத்துக்கொள்ளுமாம். புது அலகு முளைத்ததும் இன்னும் முப்பது வருடம் வாழுமாம். எந்தக் கழுகும் அப்படிச் செய்வதில்லை. அலகு உடைந்த பறவை பட்டினி கிடந்து சாகும், அவ்வளவுதான். ஆனால் இந்தக் கதை வருடத்துக்கு இரண்டு முறையாவது சுற்றி வருகிறது.

இப்படிச் சலித்துக்கொள்கிறவனாக நான் முன்பு இல்லை. நானும் முன்னனுப்பியவன்தான். என் நண்பர் ஒருவருக்கு வந்த கஷ்டத்தில்தான் இதெல்லாம் எவ்வளவு வெறும் வார்த்தை என்று புரிந்தது. அவர் பெயரை எழுதவில்லை. எழுதினால் கோபித்துக்கொள்வார்.

நான் 1973ல் தந்தி இலாகாவில் சேர்ந்தேன். இந்தத் தலைமுறைக்குச் சொன்னால் புரியாது, உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தபால்காரர் வந்தால் திண்ணையில் உட்காரவைத்து மோர் கொடுத்த அதே வீட்டில், தந்திக்காரன் சைக்கிள் மணி கேட்டால் உறையைப் பிரிக்கும் முன்பே அழ ஆரம்பித்துவிடுவார்கள். 'வேலை கிடைத்தது, உடனே புறப்படு' என்று இருக்கும். அதற்குள் பாட்டி நெஞ்சில் அடித்துக்கொண்டிருப்பாள்.

பயிற்சியில் முதல் சில வாரங்கள் தூக்கத்திலும் விரல் ஆடும். புள்ளி, கோடு, புள்ளி, கோடு. சினிமாவில் காட்டுகிற மாதிரி 'பீப் பீப்' என்ற ஊதல் எங்கள் சவுண்டரில் கிடையாது. இரும்பில் இரும்பு மோதுகிற டக் சத்தம்தான். அங்கே கீயை அழுத்தினால் இங்கே ஒரு டக், விட்டால் இன்னொரு டக். இரண்டுக்கும் நடுவே நேரம் குறைவாக இருந்தால் அது புள்ளி, கூடினால் கோடு. சத்தம் போதாது என்று சவுண்டருக்குப் பின்னால் காலி சிகரெட் டப்பாவைச் செருகி வைப்போம். நாலு மேஜையில் நாலு சவுண்டர் கடகடத்துக்கொண்டிருக்கும். அவரவர் காது அவரவர் சவுண்டரை மட்டும் பிடித்துக்கொள்ளும்.

நான் திருச்சியில், அவர் புதுக்கோட்டையில். இரண்டு வருடம் நாங்கள் முகம் பார்த்ததில்லை. ஆனால் கீ அடிக்கிற விதம் கையெழுத்து மாதிரி, ஆளுக்கு ஆள் மாறும். அவர் கோடுகளைக் கொஞ்சம் இழுத்து அடிப்பார். எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவே, வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு பேசுகிறவர் மாதிரி ஒரு சின்னத் தயக்கம் இருக்கும். லைனில் அவர் கை விழுந்ததும் எனக்குத் தெரிந்துவிடும். ஒரு நாள் கோடு இழுக்காமல் வெடுக் வெடுக் என்று வந்தது. ராத்திரி லைன் ஓய்ந்த நேரத்தில் கேட்டேன். மனைவிக்குப் பிரசவ வலி, ஆஸ்பத்திரியில் இருக்கிறாள் என்றார். விடியற்காலை நாலு மணிக்கு முதல் செய்தி எனக்குத்தான் வந்தது, பெண் குழந்தை என்று.

சங்கக் கூட்டத்தில் பிறகு நேரில் பார்த்தபோது எனக்கு ஏமாற்றம். குள்ளமாக, வழுக்கை விழ ஆரம்பித்து, கீச்சுக் குரலில் பேசுகிற ஒரு மனிதர். லைனில் பேசியவர் உயரமாக இருப்பார் என்று ஏனோ நினைத்திருந்தேன். 'யோவ், நீ என்ன இவ்ளோ கறுப்பா இருக்கே, கை செவப்பா இருந்துச்சே' என்று அவர் கேட்டார். அன்றிலிருந்து வாய்யா போய்யாதான்.

டெலிபிரிண்டர் வந்தது, கம்ப்யூட்டர் வந்தது. மோர்ஸ் கீயெல்லாம் அலமாரிக்குப் போயிற்று. 2010ல் நான் ரிட்டயர் ஆனேன், அவர் அடுத்த வருடம். 2013 ஜூலை 14 அன்று இந்தியாவில் தந்தி சேவையே கடைசி நாளைக் கண்டது. அன்று இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் தந்தி கொடுத்துக்கொண்டோம். என்ன வாசகம் என்று கேட்காதீர்கள், அச்சில் போடுகிற மாதிரி இல்லை. வீட்டில் நான் பழகுவதற்கு வைத்திருந்த பித்தளைக் கீ ஒன்று இருந்தது. அதை நானே பழைய பேப்பர்காரருக்கு எடைக்குப் போட்டேன். எவ்வளவு கிடைத்தது என்றுகூட ஞாபகம் இல்லை.

2018ல் அவருக்குத் தொண்டையில் புற்றுநோய். குரல்வளையை முழுதாக எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு துளை, மூச்சு அதன் வழியாகத்தான். உயிர் பிழைத்தார், குரல் போயிற்று.

இப்படி ஆனவர்களுக்குச் சில வழிகள் இருக்கின்றன. கழுத்தில் வைத்துப் பேசுகிற ஒரு கருவி உண்டு. டார்ச் லைட் அளவில் இருக்கும், அதை அழுத்திக்கொண்டு வாயசைத்தால் எந்திரக் குரல் வரும். பலர் அதை வைத்துக்கொண்டு நன்றாகவே சமாளிக்கிறார்கள். இவருக்கு ஒத்துவரவில்லை. முதல் நாள் அதில் பேசியபோது பேத்தி பயந்து அழுதாளாம். அதோடு அதைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். ஒரு சிலேட்டை வைத்துக்கொண்டு எழுதிக் காட்டுவார். அதுவும் குறைந்துகொண்டே போயிற்று.

அந்தச் சமயத்தில்தான் அவருக்குக் கழுகு வந்தது. பதினோரு பேர் அனுப்பியிருந்தார்கள். பதினோராவது ஆள் நான். நேரில் பார்க்கப் போனபோது சிலேட்டில் எழுதிக் காட்டினார்: 'கழுகு செத்துப்போச்சு. தகனம் நாலு மணிக்கு.' நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

சிலேட்டில் எழுதுகிறவரோடு பேசிப் பார்த்திருக்கிறீர்களா? நாம் ஒரு வார்த்தை சொல்வோம். அவர் குனிந்து எழுதுவார். நாம் சும்மா உட்கார்ந்திருப்போம். அவர் நிமிர்த்திக் காட்டும்போது நாம் மூக்குக்கண்ணாடியைத் தேடுவோம். படித்து முடிப்பதற்குள் பேச்சின் சூடு ஆறிவிடும். நக்கல் அடிக்கவே முடியாது. நக்கல் இல்லாமல் அவரோடு எனக்கு ஒரு பேச்சும் இருந்ததில்லை. அதனால் நானே பேசிக்கொண்டிருந்தேன், ஒரு மணி நேரம், ஊர்க்கதையெல்லாம். அவர் தலையாட்டிக்கொண்டிருந்தார். பஸ் ஏறும்போது எனக்கு அப்பாடா என்று இருந்தது. அடுத்த மாதம் போகவில்லை. அதற்கடுத்த மாதமும் போகவில்லை. புதுக்கோட்டை என்ன அமெரிக்காவா? பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். போக மனம் வரவில்லை என்பதுதான் உண்மை.

2019 மே மாதம் மகன் இங்கிலாந்துக்குக் கூப்பிட்டான். எக்ஸெட்டர் என்ற ஊரில் வேலை பார்க்கிறான். நானும் மனைவியும் போனோம்.

பிள்ளைகளைப் பார்க்க வெளிநாடு போய்வந்த நம் வயதுக்காரர்களை நான் கவனித்திருக்கிறேன். ஒரு ரகம், திரும்பி வந்ததும் 'ரோட்டுல ஒரு பேப்பர் இல்ல சார், ஹாரன் சத்தம் இல்ல சார்' என்று ஆறு மாதம் நம்மைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவார்கள். இன்னொரு ரகம், 'வீட்டுக்குள்ளயே அடைச்சுப் போட்டுட்டாங்க, பேச ஆளில்லை, ஒரு நல்ல காபி இல்லை' என்பார்கள். நான் முதல் மூன்று வாரம் இரண்டாவது ரகமாகத்தான் இருந்தேன். பகல் முழுக்க ஜன்னல். ராத்திரி ஒன்பது மணிக்கும் வெளிச்சம், தூக்கம் வராது. லண்டனைச் சுற்றிக் காட்டினான். அரண்மனை வாசலில் சிப்பாய்கள் மாறுவதைப் பார்த்தோம். போட்டோ எடுத்துக்கொண்டோம். சொல்ல வேறொன்றும் இல்லை.

ஒரு நாள் மகன் கம்ப்யூட்டரில் எதையோ தேடிக்கொண்டிருந்தவன், 'அப்பா, இங்கேயிருந்து மூணு மணி நேரத்துல ஒரு தந்தி மியூசியம் இருக்கு, போலாமா?' என்றான். என் வேலையைப் பற்றி அவன் கேட்ட முதல் கேள்வி அதுதான் என்று நினைக்கிறேன். அவனைக் குறை சொல்லவில்லை, நானும் சொன்னதில்லை.

ஊர் பெயர் போர்த்கர்னோ. கார்ன்வாலில், இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில், 'நிலத்தின் முடிவு' என்றே பெயர் வைத்திருக்கும் லேண்ட்ஸ் எண்ட் முனைக்குப் பக்கத்தில் இருக்கிறது. கடைசி சில மைல்கள் ரோடு நம் வண்டிப்பாதை மாதிரி ஒடுங்கிவிடுகிறது. இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு மேல் வேலி. எதிரே வண்டி வந்தால் ஒருவர் பின்னால் போக வேண்டும். இறங்கிப் பார்த்தால் இரண்டு பாறை முனைகளுக்கு நடுவே ஒரு சின்னக் கடற்கரை. மணல் வெள்ளை வெளேரென்று இருக்கிறது, தண்ணீர் பச்சை கலந்த நீலம். சனங்கள் துண்டை விரித்துப் படுத்திருந்தார்கள். அந்த மணலுக்கு அடியில்தான் ஒரு காலத்தில் பாதி உலகத்தின் பேச்சு ஓடியது என்று எத்தனை பேருக்குத் தெரியுமோ.

1870 ஜூன் மாதம் இந்தக் கரையில் கேபிள் ஏறியது. இங்கிருந்து லிஸ்பன் பக்கத்தில் கார்கவெலோஸ், பிறகு ஜிப்ரால்டர், மால்டா, அலெக்சாந்திரியா. அங்கிருந்து தரைவழியாகச் சூயஸ். மறுபடி கடலில் இறங்கி ஏடன், கடைசியில் பம்பாய். வாரக்கணக்கில் கப்பலில் வந்த செய்தி நிமிடக் கணக்குக்கு வந்தது. 1871ல் நம் சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்கும் கடலடியில் கேபிள் போட்டுவிட்டார்கள். செம்புக் கம்பியின் மேல், மலாய்க் காடுகளில் கிடைக்கும் கட்டாபர்ச்சா என்ற மரப்பாலைப் பூசித் தண்ணீர் புகாமல் செய்தார்கள். எங்கள் பயிற்சியில் இதை ஒரு பாராவாகப் படித்திருக்கிறேன். பரீட்சைக்கு அப்புறம் மறந்தும் போனேன்.

போர்த்கர்னோ என்ற பெயருக்கு தந்தி பாஷையில் பி, கே என்று இரண்டே எழுத்து. 'பி.கே. போர்த்கர்னோ' என்று அந்தப் பெயரையே மியூசியத்துக்கும் வைத்திருக்கிறார்கள். இரண்டாம் உலகப்போரில் குண்டு விழும் என்று பயந்து, கார்ன்வாலின் சுரங்கத் தொழிலாளிகளைக் கொண்டு பாறையைக் குடைந்து, தந்தி நிலையத்தையே மலைக்குள் கொண்டுபோனார்கள். 1970 வரை, நூறு வருடம், அது ஓடியது. அந்தச் சுரங்கத்துக்குள் நுழைந்தபோது மனைவி, 'என்னங்க இது, உங்க ஆபீஸ் வாசனை அடிக்குது' என்றாள். எண்ணெய், பித்தளை, பழைய காகிதம். உண்மைதான்.

உள்ளே ஒரு மேஜைக்குப் பின்னால் என் வயதுக்காரர் ஒருவர் நின்று வருகிறவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். அந்தப் பக்கத்து இங்கிலீஷ் எனக்குச் சுத்தமாகப் புரியவில்லை. வாய்க்குள்ளேயே பேசினார். என் இங்கிலீஷ் அவருக்கும் புரிந்த மாதிரி தெரியவில்லை. மகன் நடுவில் நின்று மொழிபெயர்த்தான். இங்கிலீஷை இங்கிலீஷுக்கு! 'இவர் இந்தியாவில் தந்தி ஆபரேட்டராக இருந்தவர்' என்று சொன்னதும் அவர் மேஜையைச் சுற்றி வந்து, ஒரு கீயை என் முன்னால் நகர்த்தி, கையால் 'அடியுங்கள்' என்று காட்டினார்.

நான் கை வைத்து முப்பது வருடம் இருக்கும். பெயர், ஊர் அடித்தேன். கை நடுங்கியது. அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு தன் கீயில் பதில் அடித்தார்: நல்வரவு, எத்தனை வருடம் சர்வீஸ், என்ன வேகம்? எல்லாம் தெளிவாக விழுந்தது. ஒரு எழுத்துக்கூட நழுவவில்லை. வாயால் பேசினால் ஒருவருக்கொருவர் ஊமை, விரலால் பேசினால் பக்கத்து வீட்டுக்காரர். பத்து நிமிடம் அடித்துக்கொண்டிருந்தோம். பின்னால் வரிசை சேர்ந்துவிட்டது. மகன் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு பேசாமல் நின்றான்.

அப்புறம்தான் அவர் வேறொரு கீயைக் காட்டினார். கடலடிக் கேபிளுக்கென்று செய்தது. அதில் ஒரு கட்டைக்குப் பதில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கட்டைகள். மகன் கேட்டுச் சொன்னான். ஆயிரம் மைல் கேபிளில் கரண்ட் தண்ணீரில் விட்ட மை மாதிரி பரவிவிடும். குட்டையாக அனுப்பினாலும் நீளமாக அனுப்பினாலும் அந்தக் கோடியில் கலங்கலாகத்தான் போய்ச் சேரும். எனவே புள்ளி, கோடு இரண்டையும் ஒரே நீளத்தில், ஆனால் எதிரெதிர்த் திசையில் அனுப்பினார்கள். ஒரு கட்டையை அழுத்தினால் அந்தக் கோடியில் முள் இடது பக்கம் சாயும், மற்றதை அழுத்தினால் வலது பக்கம். ஒரு பக்கம் புள்ளி, மறுபக்கம் கோடு. நேரத்தை அளக்கவே வேண்டாம்.

அங்கேயே நின்றபடி எனக்குப் புதுக்கோட்டை ஞாபகம் வந்தது.

முன்பே எனக்கு ஒரு யோசனை இருந்தது, மேஜையில் தட்டிப் பேசினால் என்ன என்று. ஆனால் விரலால் மேஜையில் தட்டினால் எல்லாத் தட்டும் ஒரே மாதிரி டொக் என்றுதான் கேட்கும். நீளம் கிடையாது, கோடு எப்படிப் போடுவது என்று விட்டுவிட்டேன். உண்மையில் அது சாக்கு. மனம் இருந்திருந்தால் வழி தேடியிருப்பேன். இங்கே நூற்றைம்பது வருடம் முன்பே ஒருவன் அதற்கு வழி செய்து வைத்திருக்கிறான். இரண்டு வெவ்வேறு சத்தம் இருந்தால் போதும்.

வெளியே வந்தபின் மகன், பக்கத்துக் குன்றின் மேல் இன்னொன்றும் இருக்கிறது என்று கூட்டிப் போனான். படி ஏறி மூச்சு வாங்கியது. மினாக் என்று ஒரு திறந்தவெளி நாடக அரங்கம். பாறைச் சரிவில் படிப்படியாக இருக்கைகள். மேடைக்குப் பின்னால் திரைச்சீலைக்குப் பதில் அட்லாண்டிக் கடல். ரொவீனா கேட் என்ற அம்மாள் கட்டியது. அந்தப் பாறை முனையை நூறு பவுனுக்கு வாங்கி வீடு கட்டிக்கொண்டவர். ஊர்க்காரர்கள் ஷேக்ஸ்பியர் நாடகம் போட இடம் தேடியபோது, என் தோட்டத்தின் கீழே போடுங்கள் என்றார். 1932ல் முதல் நாடகம் நடந்தபோது கார் விளக்குகளையும் போட்டு வெளிச்சம் செய்தார்களாம். அதற்குப் பிறகு குளிர்காலம்தோறும், தோட்டக்காரரோடு சேர்ந்து, கீழேயிருந்து மணல் மூட்டையைத் தன் முதுகிலேயே சுமந்து வந்து, இருக்கை இருக்கையாகக் கட்டினார். சிமெண்ட் காயும் முன் பழைய ஸ்க்ரூடிரைவரால் அதில் நாடகங்களின் பெயரையும் கோலங்களையும் கீறினார். எண்பது வயதைத் தாண்டியும் விடவில்லை. 1983ல், தொண்ணூறுக்குச் சில மாதங்கள் இருக்கும்போது இறந்தார்.

அந்த அம்மாளைப் பற்றித் தன்னம்பிக்கைப் பேச்சாளர்கள் மேடையில் பேசினால் கைதட்டல் கிடைக்கும். எனக்கு அங்கே உட்கார்ந்திருந்தபோது தோன்றியது வேறு. அவர் சாதிக்க வேண்டும் என்று புறப்பட்டவராகத் தெரியவில்லை. ஜனம் நின்றுகொண்டு பார்க்கிறதே, உட்கார ஒரு திண்ணை போடலாம் என்று ஆரம்பித்திருப்பார். ஒன்று முடிந்ததும் அடுத்ததற்கு மணல் வேண்டியிருந்திருக்கும். நம் ஊரிலும் இப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். எங்கள் உறையூர்த் தெருமுனையில் இட்லி விற்கிற அம்மாள், ஒரு கைக்குக் கட்டுப் போட்டிருந்த நாளிலும் கடை வைத்தார். கேட்டால், 'மாவு அரைச்சாச்சுல்ல' என்றார். அதைவிட எனக்கு வேறு தத்துவம் தெரியாது. முன்பே பார்த்ததுதான். ஆறாயிரம் மைல் போய் உட்கார்ந்து நினைத்தபோதுதான் அதன் அருமை தெரிந்தது. இதற்காகவாவது ஒருமுறை வெளியூர் போக வேண்டும்.

வெளிநாடு போகிற நண்பர்களுக்கு நான் இப்போது சொல்வது இதைத்தான். அரண்மனையைப் பாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அந்த ஊரில் உங்கள் தொழிலைச் செய்தவன் எங்கே இருக்கிறான் என்று தேடிப் பாருங்கள். ரயில்வேக்காரர் ஒரு ரயில்வே ஷெட்டைப் பாருங்கள். வாத்தியார் ஒரு பள்ளிக்கூட வாசலில் மணி அடிக்கிற நேரம் நின்று பாருங்கள். சமையல்தான் தொழில் என்றால் சந்தைக்குப் போங்கள். முப்பத்தேழு வருடம் செய்த வேலையை ரிட்டயர்மெண்ட் மாலையோடு சேர்த்துக் கழற்றி வைத்துவிட்டு, அறுபது வயதுக்கு மேல் உற்சாகத்தை எங்கெங்கோ தேடுகிறோம். என் மைத்துனர் இதை ஒப்புக்கொள்ளவில்லை. 'நான் நாற்பது வருஷம் ஆடிட் பண்ணினேன், அங்க போயும் கணக்கையா பார்க்கணும்?' என்றார். அதுவும் நியாயம்தான். அவருக்கு மட்டும் விலக்கு.

ஜூலை மாதம் திரும்பிவந்து, ஜெட் அலுப்பு தீர்ந்ததும் புதுக்கோட்டைக்குப் பஸ் ஏறினேன். அவர் வீட்டில் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், முன்னைவிட இளைத்துப் போய். சிலேட்டை எடுக்கக்கூட இல்லை. நான் ஒன்றும் பேசாமல் பக்கத்து ஸ்டூலில் இருந்த எவர்சில்வர் டம்ளரை இழுத்துக்கொண்டேன். இடது கை விரலால் மரத்தில் தட்டினால் டொக், அது புள்ளி. வலது கை மோதிரத்தால் டம்ளரில் தட்டினால் டிங், அது கோடு. அவருடைய ஆபீஸையும் என் ஆபீஸையும் அடித்தேன், பழைய நாளில் லைனில் கூப்பிடுகிற மாதிரி.

அவர் முறைத்துப் பார்த்தார். கையை வீசி, போதும் என்று காட்டினார். முகம் சிவந்துவிட்டது. கிண்டல் செய்கிறேன் என்று நினைத்தாரோ என்னவோ. எனக்கு எழுந்து வந்துவிடலாம் போல இருந்தது. ஆனால் கேபிளுக்கு அந்தப் பக்கம் ஆள் இருக்கிறான் என்று தெரிந்தால் பதில் வரும்வரை கூப்பிட்டுக்கொண்டே இருக்க வேண்டும், அதுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது. மறுபடி அடித்தேன். மறுபடி. நாலாவது தடவையோ ஐந்தாவது தடவையோ, அவர் டம்ளரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

டிங். டொக் டொக் டொக் டொக். டொக் டொக் டிங். டொக் டிங் டொக். டொக் டொக் டிங்.

டி, ஹெச், யு, ஆர், யு. துரு. உன் கை துருப்பிடித்துவிட்டது என்கிறார்.

அவர் மனைவி சமையலறையிலிருந்து கரண்டியோடு வந்து நின்றார். 'என்னண்ணா சத்தம்? என்ன சொல்றாங்க?'

'என் கை துருப்பிடிச்சுப் போச்சாம்மா.'

அந்த அம்மாள் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். பிறகு உள்ளே போய்விட்டார்.

அடுத்த வாரம் போனபோது அவர் முதலில் அடித்தது, 'ஏன் இத்தனை மாசமா வரலை?' என்று. எனக்கு வாயால் பதில் சொல்ல வரவில்லை. நானும் தட்டித்தான் சொன்னேன். பயந்துவிட்டேன் என்று. 'நானும்' என்று அடித்தார். அவ்வளவுதான், அதைப் பற்றி அப்புறம் பேசவில்லை.

அவர் மனைவியும் இரண்டு மூன்று எழுத்துக் கற்றுக்கொண்டார். மோர்ஸில் டி என்ற எழுத்துக்கு ஒரே ஒரு கோடு. அதனால் ஒரு டிங் கேட்டால் டீ போட வேண்டும் என்று அர்த்தம். பேத்திக்கும் இது விளையாட்டாகிவிட்டது. வீட்டில் ஒரு டம்ளர் மிச்சமில்லாமல் நசுங்கிவிட்டதாகக் கேள்வி.

2020ல் ஊரடங்கு வந்ததும் பஸ் இல்லை. குரல் போனதிலிருந்து அவர் போனைத் தொட்டதே கிடையாது, எதற்கு என்று. இப்போது டம்ளரும் உதவாது, செல்போன் பாதித் தட்டை விழுங்கிவிடுகிறது. இரண்டு நாள் யோசித்தேன். இரண்டு பேர் வீட்டிலும் பழைய லேண்ட்லைன் இன்னும் உயிரோடு இருந்தது. பேச்சுக்கு நடுவே பட்டனை அழுத்தினால் எதிர்முனையில் சத்தம் கேட்கும், எண்ணுக்கு ஒரு சத்தம். 1 அழுத்தினால் புள்ளி, 0 அழுத்தினால் கோடு. இடது பக்கம், வலது பக்கம் மாதிரியேதான். அவர் மனைவியைக் கூப்பிட்டு விவரம் சொன்னேன். ராத்திரி எட்டு மணிக்குப் போன் அடித்தது. எடுத்தால் அந்தப் பக்கம் பேச்சு இல்லை. கொஞ்சம் இழுத்து அடிக்கிற கோடு, எழுத்துக்கு நடுவே அதே சின்னத் தயக்கம்.

அன்றிலிருந்து எட்டு மணி எங்கள் டியூட்டி நேரம். டி.வி. சத்தத்தைக் குறைத்துவிடுவார்கள். ஒரு நாள் நான் ஐந்து நிமிடம் லேட். லைனில் வந்ததும் முதல் செய்தி, உனக்கு மெமோ கொடுக்கப் போகிறேன் என்று. இதை எழுதப்போகிறேன் என்று நேற்றுச் சொன்னேன். என் பெயரைப் போடாதே, ஆனால் என் வேகம் உன்னைவிட அதிகம் என்பதை மட்டும் போடு என்றார். போட்டுவிட்டேன். புதுக்கோட்டையில் மழையாம், கரண்ட் போய்ப் போய் வருகிறதாம். இன்றைக்கு எட்டு மணிக்கு லைன் கிடைக்கிறதா பார்க்க வேண்டும்.